ஏழு சாண்

பால் வாங்குகிறவர்கள் பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் டயர்கடைக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார். வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா என்பது தெரியாது. கடையைத் திறந்துவிட்டால் ராத்திரிவரை பஞ்சர் ஒட்டியே அவர் நாள் போய்விடும் என்பது மட்டும் உண்மை. கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். அதை விரித்து, மாட்டுக்கொட்டகையின் பின்சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்கு நின்ற சர்வே கல்லைக் காட்டினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கல்லு இருக்க வேண்டிய இடம் இது இல்ல."

லோடுகாரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டி, முதுகு தேய்ந்து, ஐந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டோடு வந்து உட்கார்ந்த மனுஷர். எதைப் பேசினாலும் லோடில் தொடங்கி லோடில் முடிப்பார் என்பதால் தெரு வைத்த பேர் அது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"பின்ன எங்க இருக்கணுமாம்?"

"உங்க கொட்டகைக்கு உள்ள. நாலு அடி, நாலரை அடி உள்ள வரும்னு படம் சொல்லுது. நான் சுவர் கட்டலாம்னு பாக்குறேன். கொத்தனார் அளந்து பாத்துட்டு, மனை குறையுதுங்கறார்."

"கல்லு தானா நடந்து வந்துச்சா?"

"தானா நடக்காதுல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. லோடுகாரருக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், முதுகு போனவன் என்று சொல்லலாம், பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் என்றுகூடச் சொல்லலாம், சிரித்துக்கொண்டு போவார். கைநீளம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக்கூடாது. இருபது வருஷத்தில் ஏற்றின லோடில் ஒரு மூட்டை குறையாமல் இறக்கினவன் என்பது ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

"எங்கப்பா என் கையைப் பிடிச்சுக் காட்டின கல்லுய்யா இது! நான் நகர்த்தினேன்னு சொல்றியா? தெருவே கேட்டுக்கோங்க! இந்தக் கல்லை எவன் தொட்டு நகர்த்தினானோ, அவன் கை விளங்காமப் போகட்டும்! நான்னா என் கை போகட்டும்!"

கொட்டகைக்குள் அவர் பெண்டாட்டி பால்காரம்மா, கோணக்கொம்பி எருமையின் மடிக்குக் கீழே குந்தியிருந்தாள். வாளியில் பால் விழுகிற சத்தம் நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது. அவள் தன் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். வெளியே யாரோ, "பாலை ஊத்துங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்கள். எழுந்து போய் ஊற்றினாள்.

அந்தக் கல்லை நகர்த்தினது அவள்தான்.

ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, ஏழு தரம். நகர்த்துகிறோம் என்று நினைத்து அவள் ஒரு தரமும் நகர்த்தவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் வீட்டில் ஒரே ஒரு எருமை. புருஷன் லாரியில் போனால் இருபது நாள், முப்பது நாள். கொட்டகை கிடையாது. மனையின் ஓரத்தில் கெட்டியாக நின்றது அந்தக் கல் ஒன்றுதான். அதில் கயிற்றைக் கட்டினாள். மாமனார் படுத்த படுக்கை, கட்டாதே என்று வெளியே வந்து சொல்ல ஆள் இல்லை. எருமை சும்மா நிற்குமா? தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் இழுக்கும், புல்லுக்கட்டைப் பார்த்தால் இழுக்கும். மழைக்காலத்தில் சாணமும் மூத்திரமும் ஊறி, கல்லைச் சுற்றி மண் கூழாகிவிடும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கல் படுத்துக் கிடக்கும், எருமை கயிற்றோடு தெருமுனையில் நிற்கும்.

முதல் தரம் மகள் வயிற்றில் இருந்தாள். ஏழு மாசம். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய குழியிலேயே கல்லை நட்டாள். நிற்கவில்லை. சேறு. அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி, காய்ந்து இறுகின மண்ணில் புதுக் குழி போட்டு நட்டாள். கெட்டியாக நின்றது. அந்தப் பக்கம் அப்போது வெறும் பொட்டல். மனைக்காரர் வேறு ஊரில் இருந்தார், எட்டிப் பார்த்ததே கிடையாது. இரண்டு மூன்று மழைக்கு ஒரு தரம் இதே கதை. சேறு எருமையோடு நகரும், அவள் கெட்டி மண்ணைத் தேடி ஒரு சாண் அந்தப் பக்கம் போவாள். மகளுக்கு அம்மை போட்ட வருஷம் ஒன்று. மாமனார் செத்த வருஷம் ஒன்று. அவளுக்கே காய்ச்சல் கண்டு, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்ட வருஷம் ஒன்று. இப்படி ஏழு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டோடு வந்து, இருந்த காசைப் போட்டுக் கொட்டகை கட்டினார். கல்லின் முகத்தில் நூல் பிடித்துப் பின்சுவரை எழுப்பினார். அவள் அன்றைக்குக் கொத்தனாருக்குத் தண்ணீர் சுமந்தாள். கல் நின்ற இடம் தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கல் அங்கே இருக்கிறது, அதனால் எல்லை அங்கே இருக்கிறது. இதிலென்ன யோசிக்க இருக்கிறது?

தோன்றினது இப்போதுதான். டயர்கடைக்காரர் நாலு அடி என்று சொன்ன அந்த நிமிஷத்தில், கோணக்கொம்பியின் காம்பைப் பிடித்தபடி, ஏழு சாணையும் அவள் விரல்விட்டு எண்ணிவிட்டாள்.

டயர்கடைக்காரர் மனு கொடுத்திருந்தார், பத்து நாள் கழித்து சர்வே ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. இன்ன தேதி காலை பத்து மணிக்கு அளக்க வருகிறோம், பாத்தியதைப்பட்டவர்கள் ஆஜராக வேண்டும், எல்லைக் கல்லைச் சேதப்படுத்துவதும் இடம் மாற்றுவதும் தண்டனைக்குரிய குற்றம். லோடுகாரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று தரம் உரக்கப் படித்தார். மூன்றாவது தரம் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"வரட்டும். நல்லா வரட்டும். இந்த டயர்கடைக்காரன் மூஞ்சி எங்க போகுதுன்னு பாக்குறேன்."

அவள் தவிட்டைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை தவிடு.

"ஏங்க, கல்லு சாயறதும் உண்டுதானே?"

"கல்லு எதுக்குச் சாயுது? குடிச்சிருக்கா?"

"மழையில மண்ணு இளகிப் போனா?"

"நெடுஞ்சாலை ஓரத்துல மைல்கல்லு நிக்குது. எத்தனை மழை பாக்குது? சாயுதா? ஒரு தடவை முப்பது டன் லோடோட போறேன், மலைப்பாதை, முன்னாடி போன வண்டி மைல்கல்லு மேல ஏறிடுச்சு. வண்டியோட அச்சு போச்சு. கல்லு அசையல. அது தெரியுமா உனக்கு?"

"அது மைல்கல்லு. அதுல யாரும் எருமை கட்ட மாட்டாங்க."

"இதுல மட்டும் யாரு கட்டினா?"

இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அடுத்த லோடுக்குப் போய்விட்டார்.

"நான் சொல்றேன் கேளு. அந்தாளுக்கு நம்ம கொட்டகை கண்ணை உறுத்துது. சாணி நாத்தம், கொசுங்கறான். டயரை எரிச்சு ஊரையே நாறடிக்கிறவன்! கொட்டகையை இடிச்சா நாம எங்க போறது? பன்னிரண்டு அடிதான் இருக்கு. எருமைக்கு உடம்பு எட்டு அடி, தீவனத்தொட்டி ஒண்ணரை அடி, சாணி அள்ள நடக்க மிச்சம். நாலரை அடி போனா ஒண்ணுகூட நேரா நிக்காது. குறுக்காக் கட்டினா மூணுதான் நிக்கும். ரெண்டை வித்துட்டு மூணு எருமைப் பால்ல என்ன பண்றது? அதுலயும் ஒண்ணு சினை."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கல்லு சாயும் சாயும்னு அபசகுனமாப் பேசுற?"

அவள் கரைத்த தவிட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். வாளி கனத்தது. இடது கைக் கட்டைவிரல் பல வருஷமாகவே மடங்க மறுத்தது. நாள் தவறாமல் இருவேளை கறக்கிற கையில் இதெல்லாம் வரும், யாருக்குத்தான் வரவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இப்போது அந்த விரலைப் பார்க்கவே பயமாக இருந்தது. வெந்நீரில் வைத்தாள். எண்ணெய் தடவினாள். அவர் முன்னால் மட்டும் அந்தக் கையை நீட்டாமல் இருந்தாள்.

இன்னொரு நாள் மத்தியானம், அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருக்க, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். முகம் தெரியாவிட்டால் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

"அன்னிக்கு அப்படிச் சாபம் விட்டிருக்க வேணாம்."

"ஏன் விடக்கூடாது?"

"வேணும்னு செய்யாம, தெரியாமத் தொட்டவங்களா இருந்தா?"

"தெரியாமத் தொடறதுக்கு அது என்ன பக்கத்து வீட்டுப் பூனையா? அம்பது கிலோ கல்லு. தோண்டிப் புடுங்கி நடணும். தெரியாமத் தோண்டுவாங்களா? கீழ தேய். இன்னும் கீழ."

கீழே தேய்த்தாள். ஐம்பது கிலோ என்று அவர் சொன்னது சரிதான். ஏழு மாச வயிற்றோடு அதைத் தூக்க முடியாமல் உருட்டிக் குழியில் தள்ளினது அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவர் எந்த ஊரில் எந்த லோடோடு இருந்தாரோ. சட்டென்று அவர்மேல் கோபம் வந்தது. தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏய், பாதியில போற?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

அளக்கிற நாள் வந்தது. வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. சர்வேயர் ஒரு பெண், மகள் வயசு. வெயிலுக்குத் தொப்பி, கக்கத்தில் கோப்பு, கண்ணில் தூக்கம். அன்றைக்கு மட்டும் மூன்று இடம் அளக்க வேண்டுமாம். கூடவே டேப்பும் கம்பியும் தூக்கிக்கொண்டு ஒரு சங்கிலிக்காரர். ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கிறது என்பதை வந்ததும் வராததுமாக எல்லாரிடமும் சொன்னார். இப்போதெல்லாம் சங்கிலி பிடித்து அளப்பதில்லை, ஆனாலும் பேர் மாறவில்லை.

டயர்கடைக்காரர் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். லோடுகாரர் நாற்காலி போட்டுத் தன் வாசலில் உட்கார்ந்தார். நடுவில் தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

"நேரா இந்தக் கல்லுல இருந்து அளந்துடுங்கம்மா. இது எங்கப்பா காலத்துக் கல்லு" என்றார் லோடுகாரர்.

"அப்படி அளக்க மாட்டோங்கய்யா. சந்தேகம் வந்த கல்லுல இருந்து யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. ஆடாத கல்லு ரெண்டு பிடிக்கணும். தெருமுனையில ஒண்ணு இருக்கு, கிணத்துகிட்ட ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல அளவு சரியா வந்தா, அங்கிருந்துதான் இதைப் பிடிப்போம்."

"கல்லு கண்ணு முன்னாடி நிக்குது. பேப்பரைப் பாத்து அளப்பீங்களா?"

"கல்லு ஓர் அடையாளம், அவ்வளவுதான். நிலம் எங்க முடியுதுன்னு சொல்றது அளவு. கல்லே காணாமப் போனாலும் உங்க நிலம் அங்கேயேதான் இருக்கும். கல்லு பக்கத்து ஊருக்குப் போனாலும் உங்க நிலம் கூடப் போயிடாது."

சங்கிலிக்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷமா இதைச் சொல்றோம். ஒருத்தரும் நம்பறதில்ல."

தெருமுனைக் கல்லும் கிணற்றடிக் கல்லும் படத்தில் இருந்தபடியே சரியாக வந்தன. பிறகு தெருமுனையிலிருந்து இந்தப் பக்கம் டேப் வந்தது. படத்தில் இருபத்தேழு மீட்டர் நாற்பது. டேப்பில் இருபத்தெட்டு மீட்டர் எண்பத்திரண்டு. சர்வேயர் இரண்டு தரம் பார்த்தாள். மறுபடி இழுக்கச் சொன்னாள். அதேதான் வந்தது.

"ஒரு மீட்டர் நாப்பத்திரண்டு. நாலடி எட்டு அங்குலம். கல்லு அவர் மனைக்குள்ள போயிருக்கு."

ஏழு சாண். பால்காரம்மா கொட்டகை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேப்பு நீண்டிருக்கும்!" என்று எழுந்தார் லோடுகாரர். "வெயில்ல டேப்பு நீளும். தார்ப்பாய்க் கயிறு நீளும், நான் பாத்திருக்கேன்."

"நாலடி நீளாதுங்கய்யா" என்றாள் அந்தப் பெண். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. "சரி, உங்க திருப்திக்கு ஒண்ணு பண்றேன். அந்தக் காலத்துல கல்லு நடும்போது அடியில கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்டு மூடுவாங்க. கரி மக்காது. கல்லைத் தூக்கிட்டுப் போறவனுக்கு அடியில கரி இருக்கறது தெரியாது. அளவு சொல்ற இடத்துல தோண்டுவோம். கரி வந்தா ஒத்துக்கறீங்களா?"

"தோண்டுங்க! எங்க வேணும்னாலும் தோண்டுங்க!"

அளவு சொன்ன இடம் கொட்டகைக்கு உள்ளே, கோணக்கொம்பி கட்டியிருந்த இடத்தில், அதன் பின்னங்காலுக்குக் கீழே விழுந்தது. எருமையை அவிழ்க்க வேண்டியிருந்தது. அது நகர மறுத்தது. பால்காரம்மா அதன் கழுத்தைத் தட்டி, "வாடி, வந்து தொலை" என்று இழுத்துப்போய் வெளியே கட்டினாள். தளத்துக் கல் ஒன்றைப் பெயர்த்துவிட்டு, சங்கிலிக்காரர் தோண்டினார். ஓர் அடி ஒன்றும் இல்லை. ஒன்றரை அடியும் ஒன்றும் இல்லை. லோடுகாரர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. இரண்டு அடியில் மண்வெட்டி கறுப்பாக ஒரு பிடி மண்ணை வெளியே கொண்டுவந்தது. சங்கிலிக்காரர் அதை உள்ளங்கையில் போட்டு நசுக்கிக் காட்டினார். கரி. கூடவே சிவப்பாக இரண்டு ஓட்டுத் துண்டு.

வெளியிலிருந்து எருமை கத்தியது.

"இப்ப என்ன சொல்றீங்க அண்ணே?" என்றார் டயர்கடைக்காரர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "நான் வந்து மூணு வருஷம். கொட்டகை அஞ்சு வருஷம். கல்லு என் பக்கம் வந்ததால யாருக்கு லாபம்? நானா என் மனையைக் குறைச்சுக்குவேன்?"

"நான் தொடல."

"பின்ன யாரு தொட்டா?"

"நான் தொடலய்யா!" லோடுகாரர் சர்வேயர் பக்கம் திரும்பினார். "அம்மா, எழுதிக்கோங்க. நான் தொடல. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"எழுதித்தான் ஆகணும்" என்று அவள் கோப்பைத் திறந்தாள். "கல்லு இடம் மாறியிருக்கு. யாரு மாத்தினாங்கன்னு ஒரு வரி எழுதணும். தெரியலன்னு எழுதலாம். அப்புறம் இவர் புகார் கொடுத்தா, போலீஸ் முதல்ல கேக்கறது உங்களைத்தான்."

லோடுகாரர், மூட்டை குறையாமல் இறக்கின மனுஷர். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

"நான்தான்" என்றாள் பால்காரம்மா.

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஒரு தரம் செருமிக்கொண்டாள்.

"கல்லை நகர்த்தினது நான்தான். ஏழு தடவை. எருமை கட்டி, மழையில சாஞ்சு விழும். பழைய குழி சேறா இருக்கும், நிக்காது. கெட்டி மண்ணு பாத்து ஒரு சாண் தள்ளி நடுவேன். எல்லைக்கல்லுன்னு தெரியும். ஒரு சாண் தள்ளினா எல்லை மாறுதுன்னு தோணல. வேலை முடியணும், மாடு ஓடக்கூடாது, அதுதான் இருந்துச்சு மனசுல. அவருக்கு இது ஒண்ணும் தெரியாது. அவர் ஊர்லயே இல்ல."

சர்வேயர் வெளியே போய் அந்தக் கல்லின் பக்கத்தில் குந்தினாள். மேல்புறம் தூசியைத் துடைத்தாள். கல்லின் கழுத்தில், கயிறு அறுத்த தடம் விரல் நுழைகிற ஆழத்துக்கு வழவழப்பாக ஓடியது. விரலை விட்டுப் பார்த்தாள்.

"எத்தனை வருஷம் கட்டினீங்க?"

"கொட்டகை கட்டறவரைக்கும்."

டயர்கடைக்காரரும் வந்து குந்தி அந்தத் தடத்தைப் பார்த்தார். அவருக்கு ரப்பர் தேய்வது தெரியும், கல் இப்படித் தேய்ந்து பார்த்ததில்லை.

"ஏம்மா, நான் முதல் நாள் வந்து கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே? இத்தனை தூரம் வந்திருக்குமா?"

"எப்படி அண்ணே சொல்லுவேன்? அதுக்குள்ள அவர்தான் சாபம் விட்டுட்டாரே."

லோடுகாரர் நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி வெளியே இருந்தது, அவர் கொட்டகைக்குள் இருந்தார். தீவனத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

சர்வேயர் எழுதினாள், எழுதினதைப் படித்துக் காட்டினாள். கால்நடை கட்டியதால் கல் பலமுறை சாய்ந்து, அறியாமல் இடம் மாற்றி நடப்பட்டது. சரியான இடத்தில் மீண்டும் நடப்பட்டது. "தெரியாமச் செஞ்சாலும் செஞ்சது செஞ்சதுதாம்மா. அபராதம் வரும், கட்டிடுங்க. இனிமே கல்லு சாஞ்சா நிமிர்த்தாதீங்க. விழுந்து கிடந்தாலும் தொடாதீங்க. ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நீங்க மட்டும் இல்ல, அவரும் தொடக்கூடாது."

"புகார் எதுவும் வேணாம்" என்றார் டயர்கடைக்காரர். கையை முட்டியில் ஊன்றி எழுந்தார். "ஆனா நான் சுவர் கட்டத்தான் போறேன். அதுல மாத்தம் இல்ல. பத்து நாள் தரேன். அதுக்குள்ள கொட்டகையைப் பிரிச்சுக்கோங்க. ஓடு உடையாம இறக்கணும்னா சொல்லுங்க, கடைப்பசங்களை அனுப்பறேன்."

நல்ல மனுஷர்தான். நாலடி எட்டு அங்குலத்தை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நல்லவர் இல்லை. எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? அவரும் ஒவ்வொரு டயராக ஒட்டிச் சேர்த்து வாங்கின மனைதான்.

பழைய கல்லைத் தோண்டியெடுத்து, சங்கிலிக்காரரும் தெருக்காரர் ஒருவரும் சுமந்துவந்து, கரி கிடந்த குழியில் இறக்கினார்கள். ஓட்டாஞ்சில்லையும் கரியையும் மறக்காமல் அடியில் போட்டார் சங்கிலிக்காரர். "எனக்கு அப்புறம் வர்றவன் தேடுவான்ல" என்றார்.

கொட்டகையைப் பிரிக்க நாலு நாள் ஆனது. ஓடுகளைக் கடைப்பசங்கள் இறக்கிக் கொடுத்தார்கள். பின்சுவரை லோடுகாரர் தானே இடிக்கப் போய், மூன்றாவது அடியில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மிச்சத்தை அவள் இடித்தாள். இரண்டு எருமைகளுக்கு ஆள் வந்தது. இளசாகப் பார்த்துக் கேட்டார்கள், கொடுத்தார்கள். கோணக்கொம்பியை யாரும் கேட்கவில்லை. சினை எருமை, கோணக்கொம்பி, இன்னொன்று, மூன்றையும் குறுக்காகக் கட்டினாள். பழைய தொட்டியை உடைத்து எடுத்தாகிவிட்டது, தகர டின்னில் தீவனம் வைத்தாள்.

இத்தனை நாளிலும் லோடுகாரர் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லோடைப் பற்றியும் பேசவில்லை. சாப்பிடும்போது அவள் கையைப் பார்த்தார். அவள் பாத்திரம் தேய்க்கும்போது பார்த்தார். கடப்பாரை பிடித்தபோதும் பார்த்தார். கண்ணில் பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அந்த மனுஷரும் பயந்து போயிருக்கிறார்.

பதினோராம் நாள் காலை. எல்லையில் கொத்தனார் நூல் கட்டிவிட்டுப் போயிருந்தார். சினை எருமையிடம் பால் இல்லை, மற்றதைக் கறந்து முடித்திருந்தாள், கோணக்கொம்பி பாக்கி. அதற்குள் பால் வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். பால் குறைந்துவிட்டது, பாதிப் பாதிதான் ஊற்ற முடியும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முணுமுணுத்தார்கள். அந்த நேரம் பார்த்து லோடுகாரர் உள்ளேயிருந்து வந்து, வாசலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். குரல் கரகரத்தது. "அன்னிக்கு இங்க நின்னு நான் ஒரு வார்த்தை விட்டேன். அந்த வார்த்தை செல்லாது. அதை நான் திருப்பி எடுத்துக்கறேன். நீங்க எல்லாரும் அன்னிக்குக் கேட்டீங்க, இன்னிக்கு இதையும் கேட்டுக்கோங்க."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குப் போகிற அம்மாள்தான் கேட்டாள்.

"எந்த வார்த்தைங்க?"

"அதான். டயர்கடைக்காரர் வந்த அன்னிக்குச் சொன்னேன்ல."

"சண்டை போட்டீங்க, அது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னீங்கன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? எனக்குப் பஸ் போயிடுமேன்னு இருந்துச்சு." மற்றவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் தெரியவில்லை. "பாலை ஊத்துங்கம்மா."

ஊற்றினாள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அந்த வார்த்தையை இத்தனை நாளும் இரண்டே பேர்தான் வீட்டுக்குள் வைத்துச் சுமந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். அவரும் பின்னாலேயே வந்து, கோணக்கொம்பிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இருந்த இத்தனூண்டு சந்தில் ஒண்டி நின்றார்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டு அவள் கேட்டிராத கேள்வி. ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. சோர்வாக இருந்தது.

"வலிக்குது" என்றாள்.

அவர் முகம் வெளுத்தது. "நான் சொன்னதுல இருந்தா?"

"நீங்க சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்து. கொட்டகை கட்டறதுக்கும் முன்னாடியிருந்து. கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது."

அவர் அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். வீக்கத்தை, காய்ப்பை, நகத்துக்குள் போய்விட்ட சாணத்தை. லோடு ஏற்றி இறக்கி எத்தனையோ கை பார்த்த மனுஷர். கோணக்கொம்பி பால் கட்டிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தது.

"இது இன்னும் கறக்கலயா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

"எனக்கு வருமா?"

"உதைக்கும். முதல்ல ரெண்டு நாள் உதைக்கும்."

வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

"போய்க் கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.